எழுத்தைப் பெருசாக்கறதுக்கு முன்னாடி

கண்ணு சரியாத் தெரியாதவங்க வீட்டுல கம்ப்யூட்டர் இருந்தா யாராவது ஒருத்தர் வந்து எழுத்தையெல்லாம் பெருசு பண்ணி வச்சுட்டு "இப்ப தெரியுதா"ன்னு கேப்பாங்க, அவங்களும் பாவம் தெரியுதுன்னு சொல்லிருவாங்க, கொஞ்ச நாள் கழிச்சுப் போய்ப் பாத்தா கம்ப்யூட்டர் மேல துண்டு போட்டு மூடி வச்சிருக்கும். எழுத்து தெரியறது வேற, அதை வச்சு ஒரு வேலையை முடிக்கறது வேற. பெருசாக்கறதுல ஒரு நஷ்டம் இருக்கு, அதை யாரும் கணக்குல எடுக்கறதில்ல. ரெண்டு மடங்கு பெருசு பண்ணினா ஸ்க்ரீன்ல முன்னாடி இருந்ததுல கால்வாசிதான் நிக்கும், மூணு மடங்கு பண்ணினா ஒம்போதுல ஒரு பங்குதான். மீதியெல்லாம் ஓரத்துக்கு வெளிய போயிரும், எது எங்க இருக்குன்னு மனசுலயே வச்சுக்கிட்டு தேடித்தேடி வேலை பாக்கணும். அதனால எங்க அத்தைக்கு நான் செட் பண்ணினப்ப பெருசாக்கறதைத்தான் கடைசியா வச்சுக்கிட்டேன், அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நெறைய இருந்துச்சு.

அத்தை கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருக்காங்க. ஆபீஸ்ல க்ளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவங்க, தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், கீபோர்டைப் பாக்காமயே சடசடன்னு அடிப்பாங்க. குலதெய்வக் கோயில் வரவு செலவு மொத்தமும் அவங்க கையில, எக்செல்லதான் எழுதி வச்சிருக்காங்க. ஒரு நாள் எக்செல்ல கோடெல்லாம் நடுவுல வளைஞ்சு தெரியுதுன்னு சொல்லிருக்காங்க. மாமா பாத்துட்டு "எனக்கு நேராத்தான் இருக்குது, மானிட்டர் பழசாயிருச்சு, வேற வாங்கிக்கலாம்"னு சொல்லிட்டாரு. அத்தை போன்ல என்கிட்ட சொன்னப்ப ஒரு கண்ணைக் கையால மூடிட்டுப் பாருங்க, அப்புறம் இன்னொன்ன மூடிட்டுப் பாருங்கன்னு சொன்னேன். ஒரு கண்ணுல நேரா இருக்கு, இன்னொரு கண்ணுல வளைஞ்சிருக்கு. மானிட்டர் கெட்டிருந்தா ரெண்டு கண்ணுலயும்ல வளையணும்? கண் ஆஸ்பத்திரில இதே மாதிரி கட்டம் போட்ட ஒரு சின்ன அட்டை குடுப்பாங்க, ஆம்ஸ்லர் கிரிட்னு பேரு, நடுவுல இருக்கற புள்ளியைப் பாத்துக்கிட்டே சுத்தி இருக்கற கோடு நேரா இருக்கான்னு சொல்லணும். அத்தைக்கு அந்த வேலையை எக்செல் பாத்துருச்சு. மறுநாளே கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனோம், விழித்திரைக்கு நடுவுல மாக்குலாங்கற இடத்துல நீர் கசிஞ்சிருக்கு, வயசானதால வர்ற மாக்குலர் டீஜெனரேஷன், இன்னொரு கண்ணுலயும் அதே வியாதி இருக்கு ஆனா அது கசியாத வகைன்னு சொன்னாங்க. கசியற கண்ணுக்கு ஊசி போட ஆரம்பிச்சாங்க. இதைப் படிக்கற யாருக்காவது, வீட்டுல வேற யாருக்காவது, நேர்கோடு திடீர்னு வளைஞ்சு தெரிஞ்சா மானிட்டர் கடைக்குப் போகாதீங்க, கண் டாக்டர்கிட்ட ஓடுங்க, தள்ளிப்போட்ட நாளெல்லாம் பார்வைக் கணக்குலதான் கழியும்.

ஊசிக்கு அப்புறம் கசிவு நின்னுச்சு, ஆனா போனதுல பாதி திரும்பல. இப்ப அவங்களுக்கு நடுப்பார்வை மங்கல், சுத்திலும் நல்லாத் தெரியும். வாசல்ல யாரு வர்றாங்கன்னு தெரியும், முகம் தெரியாது. இதை ஏன் இவ்ளோ விவரமா சொல்றேன்னா, "கண்ணு தெரியல"ங்கறது எல்லாருக்கும் ஒண்ணு கிடையாது. மாக்குலா போனவங்களுக்குப் பெருசு பண்ணினா உதவும், ஏன்னா நடுவுல இருக்கற மங்கலைத் தாண்டி எழுத்து வெளிய நீட்டிக்கும். க்ளாக்கோமா முத்தினவங்களுக்கு நேரெதிர், அவங்களுக்கு சுத்திலும் போயி நடுவுல மட்டும்தான் பார்வை மிச்சம் இருக்கும், அவங்களுக்குப் போய் ரொம்பப் பெருசு பண்ணி வச்சா ஒரு சமயத்துல ரெண்டு எழுத்துதான் கண்ணுக்குள்ள சிக்கும், வாசிக்கவே முடியாது. காடராக்ட் இருக்கறவங்களுக்கு வெள்ளை ஸ்க்ரீன் கூசும். சர்க்கரையால விழித்திரை கெட்டவங்களுக்கு அங்கங்க திட்டுத்திட்டா மறையும், அதுவும் நாளுக்கு நாள் மாறும், நேத்து வச்ச செட்டிங் இன்னைக்கு ஒத்துவராது. அதனால என்ன வியாதி, எந்தப் பக்கம் பார்வை மிச்சம் இருக்குன்னு தெரியாம மவுஸைத் தொடாதீங்க. டாக்டர்கிட்ட கேட்டா லோ விஷன்னு, பார்வை கொஞ்சமா மிச்சம் இருக்கறவங்களுக்கான பிரிவுக்கு அனுப்புவாங்க, அரவிந்த், சங்கர நேத்ராலயா மாதிரி பெரிய ஆஸ்பத்திரில தனியா இருக்கு. அங்கதான் அத்தைக்கு நேராப் பாக்காம கொஞ்சம் மேலாப்ல பாத்து வாசிக்கறதுக்குச் சொல்லிக் குடுத்தாங்க, மங்கல் அப்படியே நகர்ந்துரும். மாமாவுக்கு அது இன்னும் பழகல, "ஸ்க்ரீனைப் பாருங்கன்னா சுவத்தைப் பாக்கறா"ன்னுட்டே இருப்பாரு.

மாமாவோட யோசனை 43 இஞ்ச் டிவி வாங்கி மாட்டிரலாம்ங்கறது. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா கண்ணுக்கு எழுத்து எவ்ளோ பெருசா படுதுங்கறது ஸ்க்ரீன் சைஸையும் தூரத்தையும் சேத்துத்தான். 43 இஞ்ச் டிவியை நாலடி தள்ளி வச்சுப் பாத்தாலும் 24 இஞ்ச் மானிட்டரை ரெண்டேகால் அடில வச்சுப் பாத்தாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதே 24 இஞ்ச்சை ரெண்டடில இருந்து ஒரு அடிக்கு இழுத்துட்டா எழுத்து டபுள் ஆயிருது, ஸ்க்ரீன்ல இருந்து ஒரு எழுத்து கூட வெளிய போறதில்ல. எதையும் இழக்காத ஜூம் இது ஒண்ணுதான். டிவியைப் பக்கத்துல வச்சா ஆகாதான்னா, கழுத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கிட்டே இருக்கணும், அதுவுமில்லாம சாதா 1080 டிவில புள்ளியெல்லாம் தனித்தனியா தெரியும். டிவிதான் வேணும்னு நிக்கறவங்க ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, டிவி செட்டிங்ஸ்ல அந்த எச்டிஎம்ஐ இன்புட்டை பிசின்னு மாத்தி ஷார்ப்னஸைக் குறைச்சு வைங்க, இல்லன்னா எழுத்தோட ஓரம் நிழலடிச்ச மாதிரி தெரியும், சிவப்பு எழுத்தெல்லாம் கசங்கிப் போயிரும்.

பக்கத்துல இழுக்கறதுக்கு டேபிள்ல பிடிக்கற மானிட்டர் ஆர்ம் வாங்கினோம். மானிட்டர் பின்னாடி நாலு ஸ்க்ரூ ஓட்டை இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க, சில மாடல்ல இருக்காது. ஆர்ம் இருந்தா நல்லா இருக்கற நாள்ல தள்ளி வச்சுக்கலாம், சோர்வா இருக்கறப்ப இழுத்துக்கலாம்.

ஆனா பக்கத்துல இழுத்தா கண்ணாடி ஒத்துக்கணுமே. அத்தை ரெண்டு கண்ணுலயும் காடராக்ட் ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வச்சவங்க, அந்த லென்ஸ் கிட்ட தூரத்துக்குத் தக்கன மாறாது, கண்ணாடியோட பவர்தான் தூரத்தை முடிவு பண்ணும். ப்ளஸ் 2.5 கண்ணாடின்னா 40 சென்டிமீட்டர்ல தெளிவா இருக்கும், ப்ளஸ் 3ன்னா 33, ப்ளஸ் 4ன்னா 25. அதனால முதல்ல அவங்களுக்கு வசதியான எடத்துல உக்கார வச்சு, மானிட்டரை இழுத்து வச்சு, இஞ்ச் டேப்பால கண்ணுல இருந்து ஸ்க்ரீனுக்கு அளந்து அந்த நம்பரைத் துண்டுச் சீட்டுல எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தேன். கண்ணாடி டெஸ்ட் பண்ற அம்மா அதைப் பாத்துட்டு "இப்படி அளந்துட்டு வந்தா எங்களுக்கு எவ்ளோ ஈசி"ன்னாங்க. கம்ப்யூட்டருக்குன்னு தனியா முழுக்க ஒரே பவர்ல ஒரு கண்ணாடி போட்டாச்சு. பைஃபோக்கல்னா வாசிக்கற பவர் கீழ்ப்பாதில இருக்கும், ஸ்க்ரீன் பாக்க தாடையைத் தூக்கிட்டே உக்காரணும், அந்தக் கழுத்துவலி தாங்காமத்தான் பாதிப்பேரு கம்ப்யூட்டரையே விட்டுர்றாங்க.

வெளிச்சம். ஜன்னல் அத்தை முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சு, காலைல ஸ்க்ரீன் முழுக்க தென்னை மரம்தான் தெரியும். டேபிளைத் திருப்பி ஜன்னல் பக்கவாட்டுல வர்ற மாதிரி போட்டதுலயே பாதி முடிஞ்சிருச்சு. ட்யூப்லைட்டும் தலைக்குப் பின்னாடி இல்லாம பாத்துக்கணும். மானிட்டர் ப்ரைட்னஸ் எவ்ளோ வைக்கணும்னா, பக்கத்துல ஒரு வெள்ளைப் பேப்பரைப் பிடிங்க, ஸ்க்ரீன் வெள்ளையும் பேப்பர் வெள்ளையும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கற வரைக்கும், அவ்ளோதான்.

இதுக்கெல்லாம் அப்புறம்தான் விண்டோஸுக்குள்ள போனேன். ரெசல்யூஷனை, அதாவது ஸ்க்ரீன்ல எத்தனை புள்ளிங்கற கணக்கை, குறைச்சா எழுத்து பெருசாகும்தான், கடைக்காரங்க பாதிப்பேரு அதைத்தான் செய்வாங்க, ஆனா அது படத்தை இழுத்து விரிக்கறதுதான், எழுத்து மங்கிப் போயிரும். தமிழுக்கு அது ரொம்ப மோசம். இங்கிலீஷ்ல ஒரு எழுத்து கொஞ்சம் மங்கினாலும் வார்த்தையோட உருவத்தை வச்சு ஊகிச்சுக்கலாம், நமக்கு மேல இருக்கற புள்ளி போச்சுன்னா க்-கும் க-வும் ஒண்ணாயிரும், காலுக்கும் ர-வுக்கும் வித்தியாசம் தெரியாது, கி-யும் கீ-யும் அந்தச் சுழிலதான் பிரியுது. அதனால ரெசல்யூஷன் மானிட்டரோட ஒரிஜினல்லயே இருக்கட்டும், ஸ்கேலிங்னு எல்லாத்தையும் சேத்துப் பெருசாக்கற செட்டிங்கைத்தான் ஏத்தணும். 1920க்கு 1080 மானிட்டர்ல 150 சதவீதம் வச்சா 1280க்கு 720 அளவு எடம்தான் மிஞ்சும், அதுக்கு மேல போனா சில பழைய சாஃப்ட்வேர்ல கீழ இருக்கற ஓகே பட்டன் ஸ்க்ரீனுக்கு வெளிய போயிரும், கண்ணு நல்லா இருக்கறவங்களுக்கே அது எங்க போச்சுன்னு தெரியாது. நான் ஸ்கேலிங்கை 125ல நிறுத்திட்டு, விண்டோஸ் கீயும் யூ-வும் அமுக்கி ஆக்ஸசிபிலிட்டி பக்கத்துக்குப் போயி டெக்ஸ்ட் சைஸை மட்டும் தனியா ஏத்தினேன், அது 225 வரைக்கும் போகும், எழுத்து மட்டும்தான் வளரும், விண்டோவும் பட்டனும் அவ்வளவா ஊதாது. மாத்தினப்புறம் ஒரு தடவை சைன் அவுட் பண்ணிட்டு வாங்க, இல்லன்னா சில ப்ரோக்ராம் மங்கலாவே நிக்கும்.

ஃபான்ட் விஷயத்துல நெறைய நேரம் செலவு பண்ணினேன், பண்ணலாம். விண்டோஸ்ல தமிழுக்கு வர்ற நிர்மலா நல்ல ஃபான்ட்தான் ஆனா அத்தைக்குக் கோடு மெல்லிசா இருந்துச்சு. போல்டு போட்டா ஐ, ஜ, ஞ, ஷ இதுல உள்ள இருக்கற சந்தெல்லாம் அடைச்சுக்குது, கருப்புக் கட்டி மாதிரி ஆயிருது. நோட்டோ சான்ஸ் தமிழ்ல மீடியம்னு நடுத்தரத் தடிமன்ல ஒண்ணு இருக்கு, இலவசம்தான், அது சரியா வந்துச்சு. வரிக்கு வரி இடைவெளியை ஒண்ணரை ஆக்கினதுல புள்ளி மேல்வரியோட ஒட்டாம தனியாத் தெரிஞ்சுது. இன்னொண்ணு, தமிழ்ல வார்த்தை நீளம். "கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு"ன்னு ஒரு வார்த்தை வந்தா பெரிய எழுத்துல ஒரு வரியே அதுக்குப் போயிரும். வேர்டுல வெப் லேஅவுட் போட்டுட்டா ஜூம் பண்ண பண்ண வரி தானா மடங்கிக்கும், பக்கவாட்டுல இழுக்க வேண்டியதில்ல. பக்கவாட்டுல இழுத்து இழுத்து வாசிக்கற மாதிரி யாருக்கும் எதையும் செட் பண்ணிக் குடுக்காதீங்க, அது வாசிப்பே இல்ல.

எது தேவலைன்னு அத்தைகிட்டயே கேட்டா "நீ எப்படி வச்சாலும் சரி கண்ணு"ன்னுதான் பதில் வரும். அதனால கேக்கறதை விட்டுட்டு, பேப்பர்ல இருந்து ஒரு பாரா எடுத்து வாய்விட்டு வாசிங்க அத்தைன்னு சொல்லிட்டு பக்கத்துல உக்காந்தேன். எங்க தடுமாறறாங்க, எந்த எழுத்தை மாத்திச் சொல்றாங்க, எப்ப மூஞ்சியை முன்னாடி கொண்டுபோறாங்கன்னு பாத்தாலே எல்லாம் தெரிஞ்சுரும். கருப்புல வெள்ளை எழுத்து நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க, அத்தைக்கு அதுல நாலு வரிக்கு மேல எழுத்தோட ஓரம் பரவற மாதிரி இருந்துச்சு, சந்தன நிறத்துல கருப்பு எழுத்துதான் நின்னு வாசிக்க முடிஞ்சுது. வேற ஒருத்தருக்கு மாறியும் இருக்கும்.

டெஸ்க்டாப்ல சென்னிமலை முருகன் படம். மயிலோட தோகை மேல ஐகானெல்லாம் உக்காந்திருந்துச்சு, நமக்கே கண்டுபிடிக்கக் கஷ்டம். எடுங்கன்னு சொல்ல மனசு வரல, அத்தையும் விடமாட்டாங்க. முருகனை லாக் ஸ்க்ரீனுக்கு மாத்திட்டு டெஸ்க்டாப்பை வெறும் கருநீலம் ஆக்கிட்டேன். "முதல்ல சாமியைக் கும்பிட்டுட்டு உள்ள போறதுதான் மொறை"ன்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஐகான் அஞ்சுதான் வச்சேன், மீதியெல்லாம் ஒரு ஃபோல்டர்ல.

மவுஸ் அம்பைக் காணோம்ங்கறதுதான் தினப்படி வர்ற புகார், கண்ணு தெரியாதவங்களுக்கு எழுத்தைவிட இது பெரிய தலைவலி. சைஸைப் பெருசாக்கி கலரைப் பளிச்சுனு மஞ்சள் ஆக்கலாம், ஆனா வெள்ளை ஸ்க்ரீன்ல மஞ்சள் தெரியாது, அத்தைக்குக் கத்திரிப்பூ கலர்தான் ஒத்துவந்துச்சு. மவுஸ் செட்டிங்ஸ்ல கண்ட்ரோல் கீயைத் தட்டினா அம்பைச் சுத்தி வட்டம் சுருங்கற மாதிரி ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டுருங்க. டைப் பண்ற எடத்துல மினுக்கற கோட்டையும் தடியாக்கி, மேலயும் கீழயும் கலர்ல அடையாளம் போடலாம். அத்தை கீபோர்டு பாக்காம அடிக்கறவங்கங்கறதால பழைய டைப்ரைட்டர் லேஅவுட்டையே என்எச்எம் ரைட்டர்ங்கற தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர்ல போட்டுக் குடுத்துட்டேன், இந்த வயசுல தமிழ்99ங்கற வேற கீபோர்டு முறையைக் கத்துக்கோங்கன்னு சொல்றது அநியாயம், அவங்க விரல்ல இருக்கற ஞாபகம்தான் அவங்களோட பெரிய சொத்து.

எக்செல்ல என்ன பண்ணினேன்னா, தலைப்பு வரியையும் முதல் காலத்தையும் ஃப்ரீஸ் பண்ணிட்டேன், எவ்ளோ ஜூம் பண்ணி எங்க போனாலும் இது யாரு குடுத்த பணம், எந்தக் கணக்குன்னு கூடவே வரும். ஒரு வரி விட்டு ஒரு வரி லேசா கலர். நம்பருக்கு மட்டும் வெர்டானா, அதுல 3, 6, 8 மூணும் ஒண்ணோட ஒண்ணு குழம்பாம தனித்தனியாத் தெரியும். அப்புறம் நிஜமாவே உதவினது ஒண்ணு சொல்றேன், எக்செல்ல எண்டர் தட்டினதும் அடிச்ச நம்பரை வாய்விட்டுச் சொல்ற வசதி ஒண்ணு இருக்கு, ஸ்பீக் செல்ஸ் ஆன் எண்டர்னு பேரு, மெனுல நேரா இருக்காது, மேல இருக்கற குவிக் ஆக்ஸஸ் பட்டைல நாமதான் சேக்கணும். இங்கிலீஷ்லதான் சொல்லும், நம்பர்தானே. 3,500 அடிக்கறதுக்கு 8,500 அடிச்சா உடனே காதுல விழுந்துரும். கோயில் கணக்குல அஞ்சாயிரம் இடிச்சா பங்காளிகளுக்குப் பதில் சொல்லி முடியுமா!

நெடுசா வாசிக்கறதுக்குக் காதையும் பழக்கப்படுத்தலாம்னு சொன்னப்ப அத்தைக்குக் கோவம் வந்துருச்சு, "அப்ப நான் குருடின்னு முடிவே பண்ணிட்டீங்களா". நான் ஒண்ணும் பேசல. எட்ஜ் ப்ரவுசர்ல ஒரு ஆன்மீகக் கட்டுரையைத் திறந்து கண்ட்ரோல் ஷிஃப்ட் யூ அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். அதுல தமிழுக்கு வள்ளுவர்னு ஒரு ஆண் குரல், பல்லவின்னு ஒரு பெண் குரல், நெட் இருக்கணும். திரும்பி வந்தப்ப பல்லவிகூட சண்டை போட்டுட்டு இருந்தாங்க, "ஊர்ப் பேரைத் தப்பா சொல்றா பாரு". இப்ப சின்னதா இருக்கறது கண்ணால, கட்டுரையெல்லாம் காதால, அதுவும் சமையல் பண்ணிக்கிட்டே. என்விடிஏன்னு, ஸ்க்ரீன்ல இருக்கறதையெல்லாம் வாசிச்சுச் சொல்ற முழு ஸ்க்ரீன் ரீடர் இருக்கு, இலவசம், பார்வை சுத்தமா போனவங்க அதை வச்சுத்தான் முழு வேலையும் பாக்கறாங்க, அத்தைக்கு இப்போதைக்கு அது வேண்டியதில்ல.

விண்டோஸுக்குள்ளயே இருக்கற பூதக்கண்ணாடி, மேக்னிஃபையர், கடைசில. விண்டோஸ் கீயும் ப்ளஸ்ஸும் அமுக்கினா வரும், விண்டோஸ் கீயும் எஸ்கேப்பும் அமுக்கினா போயிரும். போற வழியை முதல்ல சொல்லிக் குடுங்க, இல்லன்னா தெரியாம அமுக்கிட்டு ஸ்க்ரீன் ஊதிப்போச்சுன்னு பயந்துருவாங்க. ஒரு அமுக்குக்கு நூறு சதவீதம் ஏறும், செட்டிங்ஸ்ல போயி 25 ஆக்குங்க. முழு ஸ்க்ரீன் முறைல எல்லாமே அலையும், தலை சுத்துதுன்னாங்க, கண்ட்ரோல் ஆல்ட் எல் அமுக்கி லென்ஸ் முறைக்கு மாத்தினா அம்பு போற எடம் மட்டும் பெருசாகும். ஓடிபி, பில் நம்பர் மாதிரி துக்கடா விஷயத்துக்கு அதுதான்.

பேங்க் சைட்டைப் பத்தி என்ன சொல்ல. ஒவ்வொரு கட்டமா தேடி நிரப்பறதுக்குள்ள டைம் முடிஞ்சுருச்சுன்னு வெளிய தள்ளிருது, கேப்சால வளைச்சு நெளிச்ச எழுத்து வேற. சிலதுல பக்கத்துல ஸ்பீக்கர் படம் இருக்கும், அமுக்கினா எழுத்தைச் சொல்லும், அது இல்லாத சைட்டுக்கு நாமதான் பக்கத்துல உக்காரணும். அத்தை பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லமாட்டாங்க, அதுதான் சரியும் கூட, அதனால நான் கேப்சாவை மட்டும் வாசிச்சுட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவேன்.

லீவுக்குப் பேரன் வந்தா அவனுக்குத் தனி யூசர் அக்கவுண்ட். இந்த செட்டிங்ல பெரும்பாலானது யூசருக்கு யூசர் தனித்தனியா நிக்கும், அவன் என்ன பண்ணினாலும் அத்தையோடது அப்படியே இருக்கும். அவன் அக்கவுண்டைத் திறந்து பாத்துட்டு "என்னடா இது எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது, இதுல எப்படிடா வாசிக்கறே"ன்னு அத்தை அவனைக் கேட்டாங்க.